ஏழாவது பாட்டு

கொழும்பு ஐந்தாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்த எவனும், கொடுக்க நினைத்த விலையை முதலில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஏற்றிச் சொல்லவேண்டும். வாங்க வந்தவன் குறைக்கவேண்டும். குறைத்த சந்தோசத்தில் அவன் மூட்டையைத் தூக்கவேண்டும். முத்துலிங்கத்துக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஐம்பத்திரண்டு வயதில் அதை அவர் பாட்டுக் கச்சேரிக்கும் கொண்டுவந்தார்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், கீழே புடவைக் கடையும் மேலே கலியாணம், சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடுகிற சின்ன ஹோலும் இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே அவர் பாட்டு நடத்துவார். சினிமாப் பாட்டு இல்லை. சினிமாப் பாட்டுப் பாடுவதற்கு இந்த ஊரில் ஆள் பிடிக்கத் தேவையில்லை, நிறுத்துவதற்குத்தான் பிடிக்கவேண்டும். அவர் இறக்குவது வேறு சரக்கு. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு, மன்னார்க் கூத்துப் பாட்டு, அட்டனிலிருந்து தப்பு மேளத்தோடு வந்து இறங்குகிற ஒரு கோஷ்டி, தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுக் கிற்றாரோடு பாடுகிற கொட்டாஞ்சேனை றேமண்ட். றேமண்டின் கிற்றார்ப் பெட்டியைக் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஐந்து இடத்தில் ஆமி திறந்து பார்க்கும். இரண்டு இடத்தில் வாசித்தும் காட்டச் சொல்லும். "எனக்கு ஹோலிலை இருக்கிற சனத்தை விட செக் பொயின்ரிலை ரசிகர் கூட, அண்ணே" என்பான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். தமிழில் நோட்டீஸ் ஒட்டினால் ஒட்டியவனைத் தேடி ஜீப் வரும். ஆகவே முத்துலிங்கம் ஒட்டமாட்டார். உள்ளங்கை அளவுத் துண்டுகளாக ரோனியோ அடித்து, லொட்ஜ் கவுண்டர்களிலும், வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கொமியூனிகேசன் கடைகளிலும் வைப்பார். பிள்ளையின் குரலுக்காக மணிக்கணக்கில் வாங்கில் குந்தியிருக்கிற சனம் கையில் எதைக் கொடுத்தாலும் வாசிக்கும். வாசித்தவர்களில் எழுபது எண்பது பேர் வருவார்கள். இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும் என்று ஐந்தரைக்கே எழும்பிவிடுவார்கள். கைதட்டுவதைக்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் செய்வார்கள்.

ஒலிபெருக்கி போடுவதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, பாடப்போகிற பாட்டுகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் கருத்தும் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, இரண்டு கிழமைக்கு முன்னமே கொடுக்கவேண்டும். இங்கேதான் முத்துலிங்கத்தின் பரம்பரை மூளை வேலை செய்தது. பத்துப் பாட்டுப் பாடுவதென்றால் பதினொன்று எழுதுவார். அந்த மேலதிகப் பாட்டு உலகத்தில் இல்லாதது. வெட்டுவதற்கென்றே அவர் இட்டுக்கட்டியது. 'வாளெடுத்த வீரனைப் புகழ்ந்து', 'கொடுங்கோல் மன்னனைத் திட்டி' என்று ஏதாவது எழுதி நடுவில் செருகிவிடுவார். சார்ஜன்ட் குணபால சிவப்புப் பேனையை எடுத்து அந்த ஒன்றை மட்டும் நீளமாக ஒரு கோடு கீறி வெட்டுவார். வெட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். அவருக்கும் வேலை செய்த திருப்தி, இவருக்கும் பத்துப் பாட்டு மிச்சம். மூன்று வருடம் இந்த வியாபாரம் சண்டையில்லாமல் நடந்தது.

ஓகஸ்ட் மாதம் குணபாலவுக்கு மாற்றம் வந்தது. அவருடைய மேசைக்கு ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். மன்னாரிலும் வவுனியாவிலும் நாலு வருடம் இருந்தவர். தமிழ் அவருக்குக் காதுக்கு முழுதாக ஏறும், வாய்க்கு அரைவாசி வரும்.

பட்டியல் திரும்பி வந்தபோது அதில் ஒரு கோடும் இல்லை. பதினொன்றும் பாடலாம். கீழே ஒரு வரி மட்டும் இருந்தது: நானும் வருகிறேன்.

"வெட்டேல்லையோ?" என்றான் றேமண்ட்.

"வெட்டேல்லை."

"நல்லதுதானே அண்ணே. ஏன் செத்தவீட்டுக்குப் போனவன் மாதிரி முழிக்கிறியள்?"

முத்துலிங்கம் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். ஏழாவது இடத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்தில் இருந்தது: 'காட்டுக்குப் போன மகனைத் தேடித் தாய் பாடும் பாட்டு.'

"ஆர் பாடுறது இதை?"

"ஒருத்தரும் இல்லையடா. அப்பிடி ஒரு பாட்டே இல்லை. நாங்கள் பேசாமல் ஆறிலையிருந்து எட்டுக்குப் பாய்வம். அந்தாள் எண்ணிக்கொண்டா இருக்கப் போகுது?"

இன்ஸ்பெக்டர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சிவில் உடுப்பில் வந்து, முன்வரிசையில் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கதிரை தானாகவே காலியானது. மடியில் பட்டியல், கையில் பென்சில். ஒவ்வொரு பாட்டும் முடிய ஒரு சரி போட்டார். தாலாட்டுக்குப் போட்டார். நெல் அரிவி வெட்டுப் பாட்டுக்குப் போட்டார். இந்த இரண்டையும் பாடியவர் அன்னபாக்கியம்.

அறுபதைத் தாண்டிய மெலிந்த மனுசி. முல்லைத்தீவுப் பக்கம். இடம்பெயர்ந்து, வவுனியாவில் ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்து நாலு மாதம். இதே ஒழுங்கையின் முடிவில் ஒரு லொட்ஜில் இருந்தார். கனடாவில் இருக்கிற மூத்த மகள் அருந்ததி தாயை எடுப்பதற்கு இரண்டு வருடம் கடிதம் எழுதி, விசா இன்ரவியூவுக்கு ஒரு வியாழக்கிழமை வாங்கியிருந்தாள். அதற்கு இன்னும் பதினொரு நாள். அந்த வியாழன் தவறினால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். அதுவரைக்கும் கொழும்பில் நிற்கவேண்டும். நிற்பதற்குப் பொலிஸ் பதிவு வேண்டும். பதிவை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் புதுப்பிக்கவேண்டும். அடுத்த தவணை மறுநாள் திங்கள்.

லொட்ஜில் ஒரு கிழவர் செத்தபோது அன்னபாக்கியம் ஒப்பாரி சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டுத்தான் முத்துலிங்கம் அவரைப் பிடித்தார். ஊரிலே அதுதான் அவருடைய தொழில். செத்தவீடு எங்கே நடந்தாலும் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஆனால் மேடையில் ஒப்பாரி சொல்லமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஹோல்காரரும் அதையே சொன்னார்: கலியாணம் நடக்கிற இடம்.

ஆறாவதாக றேமண்ட் பாடி முடித்தான். முத்துலிங்கம் மைக்கைப் பிடித்து எட்டாவது பாட்டின் பெயரைச் சொன்னார். முன்வரிசையில் பென்சில் உயர்ந்தது.

"முதலாளி. ஏழு எங்க?"

முத்துலிங்கம் இறங்கிப் போய்க் குனிந்து, "நேரம் காணாது மாத்தயா, விட்டிட்டம்" என்றார்.

"நேரம் இருக்கு. நான் அந்தப் பாட்டுக்குத்தான் வந்தது." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. "பெர்மிஷன் எடுத்த பாட்டு. பொலிஸ் வந்த நாள் மட்டும் பாடுறது இல்ல. ஏன்? நான் வராத நாள் பாடவா?"

அந்த இடத்திலே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படியொரு பாட்டு இல்லை மாத்தயா, உங்கள் ஆட்களை ஏய்க்க எழுதினது என்று. முத்துலிங்கம் அதன் விலையை மனதுக்குள் ஒரு தரம் பார்த்தார். கட்டாது என்று தோன்றியது. திரைச்சீலைக்குப் பின்னால் போனார்.

"அக்கா, ஒரு பாட்டுக் கட்டவேணும். இப்பவே."

"என்ன பாட்டுத் தம்பி?" அன்னபாக்கியம் வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டிருந்தார்.

"காட்டுக்குப் போன மகனைத் தேடித் தாய் பாடுறது."

"அது ஒப்பாரியெல்லோ? பிணம் இல்லாத இடத்திலை நான் சொல்லமாட்டன்."

"செத்தவன் எண்டு ஆர் சொன்னது அக்கா? போனவன். திரும்பியும் வரலாம். அரை ஒப்பாரி எண்டு வையுங்கோவன்."

"அரை றாத்தல் மிளகாய் கேக்கிற மாதிரிக் கேக்கிறீர். அதிலை என்ன அரையும் முழுசும்?"

"அண்ணே, அந்தாள் பென்சிலாலை கதிரையைத் தட்டுது" என்றான் றேமண்ட்.

"அக்கா, இதைப் பாடாட்டில் ஹோலைப் பூட்டிப்போடுவாங்கள். எனக்காக. ஒரே ஒரு தரம்."

அன்னபாக்கியம் பையை இழுத்து மூடினார். பிறகு, "பேர் என்ன?" என்றார்.

"ஆற்றை பேர்?"

"பெடியன்ரை. பேர் இல்லாமல் ஆரைக் கூப்பிட்டு அழுறது? என்ன வயசு? தேப்பன் இருக்கிறானோ?" எந்தச் செத்தவீட்டுப் படலையிலும் அவர் செருப்பைக் கழற்ற முன்னம் கேட்கிற கேள்விகள் இவை.

"சிவபாலன்" என்றார் முத்துலிங்கம். ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று பின்னாளில் அவர் பலதரம் யோசித்திருக்கிறார். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "பத்தொன்பது வயசு. தேப்பன் இல்லை."

அன்னபாக்கியம் மேடைக்குப் போய், மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் இருந்தார். முந்தானையை எடுத்து வாயருகில் பிடித்தார்.

பத்துப் பொருத்தம் பார்த்துப் பந்தலிடக் காத்திருந்தேன்
பாலைமர நிழல்தானோ உனக்குப் போட்ட மணவறை
எட்டுக் கறி சமைச்சு இலை போட்டு வைச்சிருந்தேன்
எந்த வழி போனாயடா என்ரை ராசா சிவபாலா

மூன்றாம் வரிசையில் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் கைப்பையை முகத்தில் பிடித்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் சிவபாலன் என்று பிள்ளை உள்ளவர் எவரும் இல்லை. ஆனால் அந்தப் பேர் வந்த இடத்திலெல்லாம் ஒவ்வொருவரும் தங்களிடமிருந்த பேரைப் போட்டுக் கேட்டார்கள். இரண்டாம் தரம் பேரைக் கூப்பிட்டபோது ஒருவர் எழும்பி வெளியே போனார். மூன்றாம் தரம், ஜன்னலைப் பார்க்கிறவர்கள் ஒருவரும் இருக்கவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், முத்துலிங்கத்துக்குச் சந்தோசமாக இருந்தது. மூன்று வருடத்தில் அந்த ஹோல் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்த மாதத்துக்கு இதை எப்படி அறிவிக்கலாம் என்று மனம் ஒரு பக்கத்தால் ஓடியது.

இன்ஸ்பெக்டர் அழவில்லை. பட்டியலின் ஓரத்தில் ஏதோ எழுதினார். முடிந்ததும் ஏழுக்கு நேரே ஒரு சரி போட்டார்.

"நல்லாப் பாடுது அந்த அம்மா" என்றார் படியிறங்கும்போது. "பொய் சொல்லி இப்படிப் பாட ஏலாது."

முத்துலிங்கம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை பதிவைப் புதுப்பிக்கப் போன அன்னபாக்கியம் மத்தியானத்துக்குப் பிறகுதான் லொட்ஜுக்குத் திரும்பினார். கையில் பதிவுத் துண்டு இல்லை. வாங்கி வைத்துவிட்டார்கள். புதன் பின்னேரம் ஆறு மணிக்குள் வவுனியாவுக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

முத்துலிங்கம் ஓடிப் போனபோது அவர் கட்டிலில் கால் மடித்து இருந்தார்.

"சிவபாலன் எங்கை எண்டு கேட்டாங்கள் தம்பி. எந்தக் காட்டிலை, எந்த வருசம் இயக்கத்துக்குப் போனவன், கடைசியா எப்ப காயிதம் போட்டவன் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"எனக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள் எண்டு சொன்னன். ஆம்பிளைப் பிள்ளையே பெறேல்லை எண்டன். அவன் சிரிக்கிறான். நேற்று அந்த அழுகை அழுதிட்டு இண்டைக்குப் பெத்த பிள்ளையை இல்லையெண்டுறாய், நீயெல்லாம் ஒரு தாயோ எண்டு கேக்கிறான்."

"கிராம சேவகரிட்டை ஒரு கடிதம்..."

"எந்தக் கிராமம் தம்பி? அங்கை ஷெல் விழுது. ஆர் இருந்து கடிதம் எழுதித் தாறது?" அவர் முந்தானையைச் சரிசெய்தார். "சிவபாலன் எண்ட பேரிலை அவங்கடை கொப்பியிலை மூண்டு பேர் இருக்கினமாம். எது என்ரை எண்டு காட்டட்டாம்."

"நான் கதைக்கிறன் அக்கா. இது என்ரை பிழை. நான் கதைச்சு எடுத்துப்போடுவன்."

"வியாழக்கிழமை வரைக்கும் விட்டால் காணும் எண்டு சொல்லும். இந்த வியாழன் இல்லை, அடுத்த வியாழன். பிறகு எங்கை எண்டாலும் அனுப்பட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை முத்துலிங்கம் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் இருந்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது. கடைச் சிங்களத்தில் முத்துலிங்கத்தை வெல்ல ஆளில்லை. ஆனால் அன்று அந்தச் சிங்களம் அவருக்கு நொண்டியது.

அந்தப் பாட்டைத் தானே கட்டியதாகச் சொன்னார். பேரும் தான் கொடுத்தது என்றார். வெட்டுவதற்காக எழுதியது என்று குணபால காலத்து வழக்கத்தை விளக்கினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன திகதி?"

"ஓகஸ்ட் இருபது, மாத்தயா."

"கையெழுத்து?"

"என்னுடையது."

"பாட்டு ஞாயிற்றுக்கிழமை மேடையில் கட்டியது என்கிறீர்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு முன்னமே அந்தப் பாட்டு இருக்கிறது என்று எனக்கு எழுதித் தந்திருக்கிறீர்கள். காட்டுக்குப் போன மகன், தேடுகிற தாய், எல்லாம் இருக்கிறது. எழுபது பேர் அழுததை நானே பார்த்தேன். மிளகாய் வியாபாரி ஒருவர் இட்டுக்கட்டிய பாட்டுக்கா அவ்வளவு பேரும் அழுதார்கள்?"

முத்துலிங்கத்தின் வாழ்நாளில் அவர் விற்ற பொருளை ஒருவன் இவ்வளவு முழுதாக நம்பியது இதுதான் முதல் தரம்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக் கடதாசியைத் தள்ளினார். "சரி. பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று இதில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்."

பேனை கைக்கு வந்தது. வைத்தால் ஹோல் போகும். அது மட்டும் போகாது. ஐந்தாம் குறுக்குத் தெருக் கடையின் பேரும் ஒரு கோப்புக்குள் போகும். அந்தக் காலத்தில் கோப்புக்குள் போன தமிழன் பேர் வெளியே வந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"வைத்தால் அந்த மனுசி அடுத்த வியாழன் வரை நிற்கலாமா, மாத்தயா?"

"முதலில் வையுங்கள். பிறகு பார்ப்போம்."

மாதிரிக்கு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் மூட்டைக்கு விலை சொல்வது அவர் பரம்பரையில் இல்லை. அவருக்கு இன்னொன்றும் தெரியும். பேச்சு இறுகிய இடத்தில் எழும்பிக் கடையை விட்டு இறங்கவேண்டும். நாலு அடி வைக்கிறதுக்குள் முதலாளி கூப்பிடுவான். கூப்பிட்டவன் இறங்கி வந்தவன். புதன் பின்னேரம் வரைக்கும் தவணை இருக்கிறது. பொழுது விடிந்தால் விலை குறையும்.

"யோசித்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன்" என்று பேனையைக் கடதாசியின் மேல் வைத்தார்.

மெதுவாக நடந்தார். விறாந்தையில் வரிசையாக நின்றவர்களைத் தாண்டி, மணல் மூட்டை அடுக்கியிருந்த வாசலைத் தாண்டி, வேண்டுமென்றே செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்து நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை. காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திரும்பிப் போனால் விலை ஏறும் என்று மற்ற நினைப்பு வந்தது. வீட்டுக்குப் போனார்.

இரவு முழுக்க அந்தக் கணக்கையே கூட்டிக் கழித்துப் பார்த்தார். விடிந்ததும் குளித்து, வெள்ளை சேர்ட் போட்டுக்கொண்டு, கையெழுத்து வைப்பது என்று தீர்மானித்துப் போனார். என்ன வந்தாலும் வரட்டும், ஹோலும் போகட்டும்.

இன்ஸ்பெக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"கடதாசியைத் தாருங்கள் மாத்தயா."

"இப்போது தேவையில்லை. அந்த அம்மாவை விடியற்காலை ரயிலில் ஏற்றிவிட்டோம்."

"இன்றைக்குப் பின்னேரம் ஆறு மணி என்றுதானே..."

"நேற்று உங்களுக்காகத்தான் பொறுத்திருந்தேன்." அவர் கோப்பையை வைத்தார். கோபம் இல்லை. விளங்காத பிள்ளைக்கு விளக்குகிற குரல். "அந்தப் பாட்டு பொய் என்றால் நீங்கள் உடனே கையெழுத்து வைத்திருப்பீர்கள். வைக்காமல் எழும்பிப் போனீர்கள். அதிலே எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது."

லொட்ஜ் கவுண்டரில் அன்னபாக்கியம் அவருக்கென்று விட்டுப்போன ஒரு கடித உறை இருந்தது. உள்ளே இன்ரவியூக் கடிதம், ரொறன்ரோ ரெலிபோன் நம்பர் எழுதிய ஒரு துண்டு. வேறு சொல் ஒன்றும் இல்லை. முத்துலிங்கம் கொமியூனிகேசன் கடைக்குப் போனார். கவுண்டரில் அவருடைய நோட்டீஸ் துண்டுகள் இன்னும் ஒரு கட்டு இருந்தன. வாங்கில் இருந்த ஒரு பெண் அதில் ஒன்றை விசிறியாக மடித்து வீசிக்கொண்டிருந்தாள்.

அருந்ததி நித்திரையிலிருந்து எழும்பி வந்திருந்தாள். கேட்டாள். லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் ரிசீவரைத் தட்டினார்.

"அப்ப அம்மா இன்ரவியூவுக்குப் போகமாட்டா."

"ஓம் பிள்ளை."

"ஏன் வரேல்லை எண்டு ஒரு காயிதம் குடுத்தால் சிலவேளை வேறை திகதி குடுப்பினம், அண்ணை. அங்கை ஆராவது எழுதிக் குடுக்கவேணும். நீங்கள் எழுதுவியளோ?"

"எழுதுறன்."

"உண்மையை அப்பிடியே எழுதுங்கோ. சோடிச்சு எழுதினால் கண்டுபிடிச்சிடுவாங்கள்."

றேமண்ட் வேலை செய்கிற துறைமுகக் கிளியறிங் கந்தோரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இருவரும் அதை ஆங்கிலத்தில் ரைப் அடித்தார்கள். இட்டுக்கட்டிய பட்டியல், குணபாலவின் சிவப்புப் பேனை, திரைச்சீலைக்குப் பின்னால் கொடுத்த பேர், வைக்காமல் விட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் முத்துலிங்கம் சொல்லச் சொல்ல றேமண்ட் அடித்தான். ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில் றேமண்ட் கடதாசியை உருவி எடுத்து, ஒரு தரம் முழுதாக வாசித்துப் பார்த்தான்.

"அண்ணே, இதை ஆர் நம்புறது?"

முத்துலிங்கம் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வியாழன் காலை ஏழரைக்கு, கனடாத் தூதரகத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே வெயிலுக்குள் வரிசை நின்றது. எல்லாரும் பைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துலிங்கம் வரிசையில் இல்லை. பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பத்தோடு உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவற்காரன் ஒரு பட்டியலோடு வெளியே வந்து, எழுத்துக் கூட்டிப் பேர்களைக் கூப்பிடத் தொடங்கினான். கூப்பிடப்பட்டவர்கள் ஓடிப் போனார்கள்.

"வேலுப்பிள்ளை அன்னபாக்கியம்."

முத்துலிங்கம் முன்னுக்குப் போய் உறையை நீட்டினார். "ஆள் வரேல்லை. இது கடிதம். உள்ளுக்குக் குடுத்தால்..."

"ஆள் வந்தா?"

"இல்லை. காரணம் எழுதியிருக்கு இதிலை."

காவற்காரன் உறையைப் பார்க்கவில்லை. பேரை மூன்று தரம் கூப்பிடவேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. முத்துலிங்கத்தின் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்து இன்னும் இரண்டு தரம் சத்தமாகக் கூப்பிட்டான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவரும் வரவில்லை. அவன் பென்சிலால் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டான்.